ஊர் இல்லாத நாடு

வெள்ளைச்சாமி முதல் நாள் பகடையைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

"சூதாட்டம் எங்க வம்சத்துல ஆகாது டீச்சரம்மா," என்றார்.

கொலைக்காக ஆயுள் தண்டனை அனுபவிக்கும் மனிதர் அதைச் சொன்னார். குரலில் துளிகூடக் கேலி இல்லை. மேசையைச் சுற்றியிருந்த மற்ற கைதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எஸ்தருக்குச் சிரிப்பு வரவில்லை. சிறைக்குள் வந்து ஆட்டம் நடத்துவது அவளுக்கும் அதுவே முதல் நாள்.

"இது காசு வச்சு ஆடுறது இல்லைங்கய்யா. கதை மாதிரி. நான் ஒரு நாட்டைச் சொல்லுவேன். அதுல நீங்க ஒரு ஆளு. என்ன ஆளுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். ஒரு சிக்கல் வரும். என்ன செய்யப்போறீங்கன்னு சொல்லணும். செஞ்சது பலிக்குமா பலிக்காதான்னு பகடை சொல்லும். அவ்வளவுதான்."

"எந்த நாடு?"

"இல்லாத நாடு."

"எனக்குப் பதிலா இந்தப் பய உருட்டட்டும்," என்று பக்கத்தில் இருந்த பாபுவைக் காட்டினார். போலி நிதி நிறுவனம் நடத்தி உள்ளே வந்தவன் பாபு. அவன் மந்திரவாதி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே தனக்கு ஒரு நீளமான பெயரும் வைத்திருந்தான்.

எஸ்தர் மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கல்லூரிக் காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களைக் கூட்டி இந்த ஆட்டத்தை நடத்தி வந்தாள். பூதங்கள், கோட்டைகள், பேசும் ஆறுகள் என்று அவளாகவே ஓர் உலகம் செய்திருந்தாள். அந்த உலகத்தில் யாரும் யாரிடமும் "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்கமாட்டார்கள். அவள் வேண்டுமென்றே அப்படிச் செய்தது அது. சின்ன வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் அவள்.

அரசு புதிய சட்டம் கொண்டுவந்தபோதுதான் அவளைப் போன்றவர்களுக்குத் தேவை வந்தது. தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலை கேட்கும் கைதிகள் இனி 'ஆட்ட மதிப்பீடு' என்ற ஒன்றில் தேறவேண்டும். நகரத்துக்கு வெளியே, சிறையை ஒட்டிக் கட்டியிருந்த மதிப்பீட்டு மையத்தில் டாக்டர் ரகுநந்தன் அவளுக்கு அதை விளக்கினார். வெள்ளி நிறத்தில் ஒரு காப்பை மேசைமேல் வைத்தார்.

"நேர்காணல்ல எல்லாரும் நல்லவங்கதான் டீச்சர். 'திருந்திட்டேன்'னு சொல்ல யாருக்கு வாய் வராது? இந்தக் காப்பைக் கட்டிக் கேட்டாலும் பிரயோஜனமில்ல. கேள்வின்னு தெரிஞ்சா மனசு வேலி போட்டுக்கும். ஆட்டத்துல மூழ்கிட்டா அந்த வேலி தானா விழுந்துடும். அப்ப ஒருத்தர் எடுக்குற முடிவு அவரோட முடிவா, இல்ல பாத்திரத்துக்காகப் போடுற வேஷமான்னு இது பிரிச்சுக் காட்டும். பச்சைன்னா அவரே. நீலம்னா வேஷம்."

"வேலி விழ எவ்வளவு நாளாகும்?"

"அது உங்க கையில இருக்கு. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது. நல்லா விழுந்ததுக்கப்புறம், அவரு செஞ்ச குத்தத்தையே வேற வேஷத்துல கதைக்குள்ள கொண்டு வாங்க. என்ன செய்றாருன்னு பாப்போம்."

வெள்ளைச்சாமி செய்த குற்றம் எஸ்தருக்குத் தெரியும். மாநிலத்துக்கே தெரியும். மகள் அனுசுயா, தன்னோடு படித்த ஜெயசீலனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஜெயசீலன் வேறு சாதி. வெள்ளைச்சாமியின் ஊர் கணக்குப்படி கீழே. இருவரும் ஊரைவிட்டுப் போகப் பேருந்துக்காக நின்ற இடத்தில் அவர் அரிவாளோடு வந்தார். மகளின் கண் முன்னால் மருமகனை வெட்டினார். பிறகு அங்கேயே உட்கார்ந்து போலீஸ் வரும்வரை காத்திருந்தார்.

அப்படிப்பட்ட மனிதரை வெறுத்துக்கொண்டே ஆட்டத்தை நடத்திவிடலாம் என்றுதான் எஸ்தர் நினைத்திருந்தாள். ஆனால் மாதக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே காட்டைக் கடந்தவர்களை வெறுப்பது கஷ்டம். வெள்ளைச்சாமி தன் பாத்திரத்துக்கு ஆலாலன் என்று பெயர் வைத்தார். போர் முடிந்து ஓய்ந்துபோன கிழட்டுத் தளபதி. சண்டை என்றால் கடைசியாகத்தான் வாளை எடுப்பான். சாப்பாடு என்றால் மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுத்தான் உட்காருவான். எரிந்து மிதந்த ஒரு கப்பலில் வல்லி என்ற குழந்தையை எஸ்தர் கதைக்குள் கொண்டுவந்தபோது, அதைத் தூக்கிக்கொண்டது ஆலாலன்தான். "யாரு பெத்த பிள்ளையோ. கெடக்கட்டும், நம்மகூட வரட்டும்."

வல்லிக்காகப் பேசுவது எஸ்தர். வல்லி அழுதால் எஸ்தர் அழவேண்டும். வல்லி அடம்பிடித்தால் எஸ்தர் அடம்பிடிக்கவேண்டும். ஒருநாள் கடல்பூதம் வல்லியை இழுத்துக்கொண்டு போனது. பாபு பகடையை எடுக்கக் கை நீட்டினான். அதற்குள் வெள்ளைச்சாமி அதைப் பிடுங்கித் தானே உருட்டிவிட்டார். இருபது முகமுள்ள அந்தப் பகடை உருண்டு நிற்பதற்குள் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டிருந்தார்.

"பெருசு, சூது ஆகாதுன்னீங்க?" என்றான் பாபு.

"வாய மூடு. பிள்ள மூச்சு விடுதான்னு பாரு."

அன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டாக்டர், வெளியே வந்த எஸ்தரிடம் திரையைக் காட்டினார். அது முழுக்கப் பச்சையாக இருந்தது. "வேலி விழுந்துடுச்சு," என்றார்.

அதற்குப் பிறகும் எஸ்தர் அவசரப்படவில்லை. கதையில் வல்லி வளர்ந்தாள். வில் பழகினாள். மலைக்கு அப்பால் கொம்பர்கள் என்று ஓர் இனம். தலையில் சிறு கொம்பு உள்ளவர்கள், தளபதியின் பழைய எதிரிகள். அவர்களில் ஒருவனை வல்லி விரும்பினாள். தளபதிகளின் வழக்கப்படி, எதிரியோடு போகும் பெண்ணை வளர்த்தவனே வெட்டவேண்டும். ஒரு புதன்கிழமை முற்பகல், எஸ்தர் வல்லியாக நின்று, அவனோடு போவதாகச் சொன்னாள்.

வெள்ளைச்சாமி நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிட்டு மலையில குளிரு ஜாஸ்தி தாயி," என்றார் கடைசியில். "என் போர்வைய எடுத்துக்க. போற இடத்துல யாராச்சும் உன்னை ஒரு சொல்லு சொன்னா, உடனே கெளம்பி வந்துரு. நான் இருக்கேன்."

பிறகு எதிரே இல்லாத கொம்பனிடம் திரும்பி, கைகூப்பினார். திரையில் ஒரு நூலிழைகூட நீலம் இல்லை.

*

விடுதலைக்கு முன் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பதிவைக் காட்டவேண்டும் என்பது விதி. இந்த வழக்கில் கொலையுண்டவனின் மனைவியும் கைதியின் மகளும் ஒரே ஆள். அனுசுயா திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வேலைக்கு நடுவில் வந்தவள்போல நெஞ்சில் அடையாள அட்டையோடே வந்து உட்கார்ந்தாள். பதிவு ஓடி முடியும்வரை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு தடவை போடவா?" என்று கேட்டாள் எஸ்தர்.

"வேண்டாம் மேடம். அந்தப் பொண்ணு குரல் உங்களோடதா?"

"ஆமா."

"நல்லா பேசுறீங்க." அனுசுயா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "அவரு என்னையும் தாயின்னுதான் கூப்பிடுவாரு. உங்க வல்லிக்குப் போர்வை குடுத்துட்டாரு. எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கல இன்னிக்கு வரைக்கும். ஒரு கடுதாசி இல்ல."

எஸ்தர் ஓடி முடிந்த திரையை அணைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். அந்தக் கொம்பு வச்சவங்க வீட்டுல இவங்கல்லாம் தண்ணி குடிப்பாங்களா?"

"குடிப்பாங்க. முன்னாடி ஒரு கட்டத்துல எல்லாரும் ஒரே சட்டியிலதான் சாப்பிடுவாங்க."

"அவ போனதுக்கப்புறம் அந்தத் தளபதிகிட்ட யாராச்சும் பேசாம இருப்பாங்களா? அவங்க அண்ணன் தம்பி வீட்டுல விசேஷம் நின்னுபோகுமா?"

"தளபதிக்கு அண்ணன் தம்பின்னு யாரும் கதையில..." எஸ்தர் பாதியில் நிறுத்தினாள்.

"எங்க சித்தப்பா வீடு கட்டிப் பால் காய்ச்சினாரு. நான் ஜெயசீலனோட பதிவு பண்ண விஷயம் அன்னைக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது. பந்தல் போட்டு, இலை போட்டு, தண்ணி தெளிச்சு வச்சாச்சு. ஒருத்தர் வரல. எங்கப்பா அந்த இலைங்க முன்னாடி சாயங்காலம் வரைக்கும் நின்னாரு. நான் ஜெயசீலன் வீட்டு மாடியில இருந்து எங்க அத்தைகிட்ட போன்ல கேட்டுட்டு இருந்தேன். 'அவ போனதுகூடப் பரவாயில்ல, நான் எப்படித் தெருவுல நடப்பேன்'னாராம். அதுதான் அவரு பிரச்சினை. நான் இல்ல, ஜெயசீலனும் இல்ல." அவள் குரல் உயரவே இல்லை. "உங்க கதையில மலை இருக்கு, கடல் இருக்கு, பூதம் இருக்கு. ஊர் இல்ல. ஊர் இல்லாத இடத்துல எங்கப்பா நல்லவருதான் மேடம். அது எனக்கே தெரியும்."

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் எஸ்தர் தன் உலகத்தின் வரைபடத்தை மனதுக்குள் விரித்துப் பார்த்தாள். அதைச் செய்த பெருமை இத்தனை வருடமும் அவளுக்கு இருந்தது. இப்போது அது, பாம்பை எடுத்துவிட்டுப் புற்றை மட்டும் காட்டி ஒருவனின் தைரியத்தைச் சோதித்ததுபோல் தோன்றியது.

மறுநாளே டாக்டரிடம் போய் நின்றாள். "இன்னொரு தடவை ஆடணும் சார்."

ரகுநந்தனுக்கு அது பிடிக்கவில்லை. "தேறினவரை எதுக்கு மறுபடியும் உக்கார வைக்கணும்? மேல இருந்து வேற தினம் போன் வருது. அவங்க சாதிச் சங்கத்துக்காரங்க தேர்தலுக்கு முன்னாடி அவரை வெளிய எடுத்தாகணும்னு நிக்கிறாங்க."

"நான் வச்ச பரீட்சையில கேள்வியே இல்ல சார். விடையை மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன்."

ஆட்டம் நடத்துபவர் கேட்டால் மறுமதிப்பீடு தரவேண்டும் என்று விதியிலேயே இருந்தது. ஒரு தடவை. அவர் தலையசைத்தார்.

*

எஸ்தர் தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஊரைச் செய்தாள். ஆலாலன் பிறந்த ஊர். மேலத்தெரு, கீழத்தெரு. யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம், யார் எந்தக் கல்லில் உட்காரலாம் என்ற கணக்கு. எழுத எழுத அவளுக்கே வியப்பாக இருந்தது. எதையும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் கையிலேயே இருந்தது.

கதையில் தளபதி ஊர் திரும்பினார். மேளதாளத்தோடு அழைத்துப்போய்ச் சபையில் முதல் கல்லைக் கொடுத்தார்கள். வெள்ளைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். சில வாரங்கள் அவர் அந்த ஊரை ரசித்தார் என்பதை எஸ்தர் கவனித்தாள். பாபுவின் மந்திரவாதியை ஒருநாள், "நீ கொஞ்சம் தள்ளி உக்காருப்பா," என்றார். விளையாட்டாகத்தான். காப்பு அதைப் பச்சை என்றது.

பிறகு வல்லி யாரோடு போனாள் என்ற செய்தி ஊருக்கு வந்தது. நாவிதர் வரவில்லை. எதிரே வந்தவர்கள் வேறு சந்தில் திரும்பினார்கள். தம்பி வீட்டு விசேஷத்துக்கு இலை போட்டாயிற்று.

"தண்ணி தெளிச்சு வச்சிருக்கு," என்று எஸ்தர் சொல்லிக்கொண்டு போனாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "வெயில் ஏறுது. இலையெல்லாம் சுருளுது. ஒருத்தர் வரல. சாயங்காலம் சபை கூடுது. உங்க கையில ஒரு வாளைக் குடுக்கிறாங்க. ஊர் எல்லையில வல்லி புருஷனோட நிக்கிறா. உங்களைப் பாக்க வந்திருக்கா."

வெள்ளைச்சாமி பகடையைக் கையில் வைத்திருந்தார்.

"டீச்சரம்மா. இது எங்க ஊரு."

"பேரு வேறய்யா..."

"பேர விடுங்க. அந்த இலை. அத உங்களுக்கு யாரு சொன்னா?" கண்ணாடித் தடுப்பின் பக்கம் ஒரு கணம் பார்த்தார். "அனு வந்துச்சா? இங்க வந்துச்சா?"

எஸ்தர் பார்வையை மேசைக்குத் தாழ்த்தினாள். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

"நல்லா இருக்கா?"

"இருக்காங்கய்யா."

அவர் பகடையை மேசையில் வைத்தார். உருட்டவில்லை, வைத்தார். "ஆலாலன் வெட்டமாட்டான். அந்த வாளைத் தூக்கிச் சபையில போட்டுட்டு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊர விட்டே போயிருவான். அவன் நல்லவன். எழுதிக்கங்க." மூச்சு வாங்கினார். "ஆனா அது அவன். வெள்ளைச்சாமி வெட்டுவான். அன்னைக்கும் வெட்டுனான், இன்னைக்கு விட்டாலும் வெட்டுவான். அதையும் எழுதிக்கங்க. என்னைய வெளிய விட்றாதீங்க."

பாபு அவர் தோளைத் தொட்டான். அவர் தட்டிவிட்டு, காவலரோடு எழுந்து போய்விட்டார்.

டாக்டரின் முகத்தில் நிம்மதி இருந்தது. திரையை எஸ்தர் பக்கம் திருப்பினார். "பாருங்க. ஆலாலன் வெட்டமாட்டான்னு சொன்ன இடம், பச்சை. 'வெள்ளைச்சாமி வெட்டுவான்'னு சொன்ன இடம் பூரா நீலம். அது வேஷம்."

"அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு சார்."

"வேஷம்னா பொய்னு அர்த்தம் இல்ல டீச்சர். அது இப்ப அவரு இல்ல, அவ்வளவுதான். பழைய ஆளு மாதிரி பேசிப் பாக்குறாரு. குற்ற உணர்ச்சி. நல்ல அறிகுறி."

"இல்ல, மகளைக் காப்பாத்துறதுக்காகத் தன்னையே உள்ள வச்சுக்கப் பாக்குறாரா? அப்பவும் நீலம்தானே வரும்?"

"வரும். அப்படின்னாலும் நல்லவருதானே?"

எஸ்தர் நாற்காலியில் சாய்ந்தாள். "ரெண்டு வருஷமா அவரை ஆலாலனா இருக்கப் பழக்கினது நாம. இப்ப காப்பு ஆலாலனையே அவருன்னு சொல்லுது. சரி, இருக்கட்டும். வெளிய போற ஆலாலன் எந்த நாட்டுல போய் இறங்குவாரு சார்?"

டாக்டர் காப்பைத் துடைத்து அதன் உறையில் வைத்தார். "அது நம்ம துறை இல்லையே," என்றார்.

எஸ்தர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். விடுதலையை முடிவுசெய்யும் குழுவில் ஒருவர், கைதியே தன்னை விடவேண்டாம் என்று சொன்னதைச் சுட்டிக்காட்டவும் செய்தார். ஆனால் குழுவுக்குச் சாட்சியாக இருந்தது நிறம் மட்டும்தான். வெள்ளைச்சாமிக்கு விடுதலை உத்தரவு வந்தது.

*

விடுதலை நாள் காலையில் எஸ்தர் போயிருக்க வேண்டியதில்லை. போனாள். சிறைவாசலில் கார்கள் வரிசையாக நின்றன. ஒரு ஃப்ளெக்ஸ் தட்டியில் வெள்ளைச்சாமியின் பழைய படம், இளமையாக, மீசையை முறுக்கியபடி. அருகே ஒரு சிங்கத்தின் படம். மேளக்காரர்கள் வெயிலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைச்சாமி சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்தார். மேளம் ஆரம்பித்தது. ஆள் உயர மாலையை நாலு பேர் தூக்கிவந்தார்கள். எஸ்தர் எட்டிப் பார்த்தாள். தலையைத் திருப்பிக்கொள்வார், கையால் தள்ளுவார் என்று எதிர்பார்த்தாள்.

அவர் கழுத்தை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டார். சிரித்தார். யாரோ காலில் விழுந்தபோது தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். கூட்டத்துக்கு நடுவே எஸ்தரின் முகத்தில் அவர் பார்வை பட்டது. பேருந்து ஜன்னலிலிருந்து யாரையோ பார்ப்பதுபோலப் பட்டு, நகர்ந்துவிட்டது. எத்தனையோ பேர் எத்தனையோ பாத்திரங்களாக மாறுவதை மேசைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தவள் அவள். இப்போது எது பாத்திரம் என்று அவளால் சொல்லமுடியவில்லை.

அதற்கடுத்த வாரம் பள்ளியில் மதிய இடைவேளையின்போது அனுசுயாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா." முதன்முறையாக அவள் அக்கா என்றாள். "அவரு வந்திருக்காரு. வீட்டுக்கு எதிர்ல டீக்கடையில நிக்கிறாரு. காலையில இருந்து. என் ஜன்னலையே பாத்துட்டு நிக்கிறாரு."

"போலீஸுக்குச் சொன்னீங்களா?"

"வந்தாங்க. விடுதலைக் காகிதத்தைக் காட்டியிருக்காரு. டீ குடிக்கிறது குத்தமான்னுட்டுப் போயிட்டாங்க." அவள் ஜன்னலைச் சாத்துவது கேட்டது. "மெஷின் அவரு மாறிட்டாருன்னுச்சு. நீங்க அவருகூட ரெண்டு வருஷம் இருந்திருக்கீங்க. நீங்க சொல்லுங்கக்கா. நான் கீழ போகலாமா? கதவத் தெறக்கலாமா?"

"தெறக்காதீங்க," என்றாள் எஸ்தர்.

"நீங்களும் அவரை நம்பலையா?"

எஸ்தர் ஆசிரியர் அறையைவிட்டு வெளியே வந்து, மாடிப்படி வளைவில் நின்றாள். "நம்புறேன்மா. மாறியிருப்பாருன்னே வச்சுக்குவோம். நெஜமாவே மாறியிருக்கட்டும். அதுக்காக நீங்க கதவத் தெறக்கணும்னு ஒண்ணும் இல்ல."

மறுமுனையில் மேல்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு எஸ்தர் திண்டுக்கல் பேருந்தில் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது டீக்கடையில் வெள்ளைச்சாமி இல்லை. வெயில் தாழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் பஜ்ஜிக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

"காலையில இருந்து ஒரு பெரியவர் நின்னாராமே?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"மேல இருக்குற பொண்ணுக்குத் தெரிஞ்சவ."

அவர் பாய்லர்ப் பக்கம் ஒதுங்கிக் குரலைத் தாழ்த்தினார். "போயிட்டாருக்கா. மூணு மணி வாக்குல கார்ல ஆளுங்க வந்தாங்க. சங்கக் கொடி கட்டின காரு. இங்க லேப்ல வேலை பாக்குற பொண்ணு வீடு எதுன்னு என்கிட்ட கேட்டாங்க. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள அந்தப் பெரியவர் பாய்ஞ்சு வந்துட்டாரு. 'அவ இங்க இல்லடா, காலி பண்ணிட்டுத் திருப்பூர்ப் பக்கம் ஓடிட்டா, நானும் அவளத் தேடித்தான் வந்து ஏமாந்து நிக்கிறேன்'னு ஒரே சத்தம். அந்தப் பொண்ணைப் பேசினாரு பாருங்க ஒரு பேச்சு. காது குடுத்துக் கேக்கமுடியாது. கைகால் எல்லாம் ஆடுது அவருக்கு. கெடச்சா அங்கயே வெட்டிப்போடுற மாதிரி. அவனுங்களே பயந்துபோய், 'சரி மாமா, ஏறுங்க மாமா'ன்னு கூட்டிட்டுப் போயிட்டானுங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? எனக்கு ஒரு நிமிஷம் குழம்பிப்போச்சு. காலையில இருந்து அந்த ஜன்னலையேதான் பாத்துட்டு நின்னாரு மனுஷன். சாப்பிடக்கூடப் போகல. அவனுங்க வந்து எறங்கினதுல இருந்து ஒரு தடவகூட அந்தப் பக்கம் நிமிரலக்கா. கார்ல ஏறுறப்பவும் நிமிரல."

எஸ்தர் மாடிக்கு ஏறிப் போய்ப் பெயரைச் சொல்லித் தட்டினாள். இரண்டு தாழ்ப்பாள்களும் விலகின. உள்ளே ஜன்னல் இறுகச் சாத்தியிருந்தது. நாற்காலி ஒன்று கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த தடம் தரையில் இருந்தது. கேட்டதை எல்லாம் அனுசுயாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அனுசுயா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள்.

"என்ன சொல்லித் திட்டினாராம்?"

"அது அவர் சொல்லலம்மா."

"எனக்குத் தெரியும்," என்றாள் அனுசுயா. "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுலயும் அதேதான் சொன்னாரு. அவருக்கு வேற வார்த்தை வராது."

பிறகு அவள் அழுதாள். யாருக்காக என்று எஸ்தர் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஏதாவது கார் வந்து நின்றால் இருவருமே பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள்.

"நல்லதுதான் செஞ்சிருக்காரு," என்றாள் அனுசுயா, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து. "சரி. இந்தத் தெரு அவனுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. திருப்பூர்ல நான் இல்லைன்னு தெரிய எவ்வளவு நாளாகும்? நான் வீடு மாத்தணும்க்கா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன வேன் வந்தது. சாமான் அதிகமில்லை. கட்டிலைப் பிரித்துக் கட்டினார்கள். ஜெயசீலனின் படத்தை அனுசுயா புடவைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். வெள்ளைச்சாமி அந்தக் காரில் எங்கே போனார், திருப்பூரில் அவர்களை எத்தனை தெரு சுற்றவைத்தார், பிறகு என்ன ஆனார் என்று இருவருக்கும் தெரியாது. ஊரில் அவர் இல்லை என்று மட்டும் அத்தை போனில் சொல்லியிருந்தாள்.

"எங்கன்னு உங்ககிட்ட சொல்லலக்கா," என்றாள் அனுசுயா ஜன்னல் வழியாக. "கோவிச்சுக்காதீங்க."

"சொல்லாதீங்க," என்றாள் எஸ்தர்.

வேன் கிளம்பியது. தெருமுனையில் அது இடப்பக்கம் திரும்பும் அல்லது வலப்பக்கம் திரும்பும். அதைப் பார்த்துவிடக் கூடாது என்று எஸ்தர் டீக்கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். எஞ்சின் சத்தம் முழுக்க அடங்கும்வரை அப்படியே நின்றாள்.